தாளிப்புப் புகையும் ஒரு முகமும்

காதலை எழுதச் சொன்னால் நிலவும் கடிதமும் முந்திக்கொண்டு வரும். குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் வருவது தயிர். கூடலூர் கிழார் பாடியது, மொத்தம் 6 அடி. புதிதாக மணமானவள் கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். அந்த விரலை ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். அதைத் துவைக்கவும் நேரமில்லை, அப்படியே உடுத்தியிருக்கிறாள். தாளிப்புப் புகை மையிட்ட கண்ணில் ஏறுகிறது. நகர்ந்துகொள்ளலாம், ஆனால் குழம்பை விட்டு நகர மனமில்லை. கணவன் சாப்பிட்டுவிட்டு, நன்றாயிருக்கிறது என்கிறான். அவள் முகத்தில் மகிழ்ச்சி மிக மெல்லத் தெரிகிறது. பாட்டு அவ்வளவுதான்.

இதில் அன்பு என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்பவளோ மூன்றாமவள்: அந்தப் பெண்ணை வளர்த்த செவிலித்தாய். மகள் வீட்டுக்குப் போய் வந்தவள், பெற்றவளிடம் கண்டதைச் சொல்கிறாள். யாருக்கும் பெயர் இல்லை: அகப்பாட்டில் தலைவன், தலைவி இருவரின் இயற்பெயரையும் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியத்தின் விதி. அதனால் அந்த அடுப்படி எவர் வீட்டு அடுப்படியாகவும் இருக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த முகத்தின் அடக்கம். அவள் வாய்விட்டுச் சிரித்திருந்தால் செவிலி சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. அவ்வளவு நுட்பமான மலர்ச்சியை, சின்ன வயதிலிருந்து அந்த முகத்தைப் பார்த்து வளர்த்தவளால்தான் பிடிக்க முடியும். கணவன் மனைவி அன்பைப் பேசும் பாட்டுக்குள் வளர்ப்புத்தாயின் அன்பையும் கிழார் வைத்துவிட்டார். கேட்டுக்கொண்டிருக்கும் தாய்க்குப் பாட்டில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் இத்தனை விவரமும் அவளுக்காகத்தான்.