நிலத்தடி நீரும் அரசியற் சார்பும்

புவி வெப்பமாதல் பற்றிய கருத்து வேறுபாட்டை அறியாமையின் விளைவாகக் கொள்வது பொதுவழக்கு. அமெரிக்க அநுபவம் அதனை மறுக்கின்றது. அங்கே குடியரசுக் கட்சியினருக்கும் சனநாயகக் கட்சியினருக்கும் இடையே இப்பொருளில் உள்ள பிளவு, கற்றோரிடையேதான் மிகக் கூர்மையாகக் காணப்படுகின்றது. கல்வி சார்பினைக் களையவில்லை; அதற்கு வாதங்களை வழங்கியது.

இப்போக்கு நமக்குப் புறம்பானதன்று. சுன்னாகம் அனல்மின் நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றி 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்த விவாதம் இதற்குத் தக்க சான்று. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனைகள் மாசினைச் சுட்டின; வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ அபாயகரமான மாசு இல்லை என்றது. ஆய்வுமுறை, மாதிரி எடுத்த இடம், காலம் என்பனவே விவாதப் பொருளாகியிருத்தல் வேண்டும். ஆனால், மாகாண சபையை ஆதரித்தோர் ஓர் அறிக்கையையும் எதிர்த்தோர் மற்றதையும் நம்பும் நிலையே பெரிதும் மேலோங்கியது.

அரசின்மீதான ஐயம் போர் கண்ட மக்களுக்கு இயல்பானது. அதனைப் பழித்தல் தகாது. எனினும் ஐயம் ஆய்வின் தொடக்கமாகலாமேயன்றி முடிவாகாது. தென்னிலங்கைச் சூழலியலாளர் ஒருவர் தொடுத்த வழக்கிலேயே, மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமது வழமையான அரசியற் சூத்திரம் எதனுள்ளும் இவ்வுண்மை அடங்காது.

குடாநாட்டின் சுண்ணக்கற் படுகையில் நன்னீர் உவர்நீரின்மீது மிதக்கின்றது. கடல்மட்டம் உயர உயர அந்நன்னீர்ப் படை மெலியும். அதனை அளப்பதற்கு முன்னரே எவர் பக்கம் நிற்பதென்று தீர்மானிப்போமாயின், சுன்னாகத்தில் இழந்த காலத்தை மீண்டும் இழப்போம். அவ்விழப்பு ஓர் ஊரோடு நில்லாது.