காணாத நல்லெண்ணம்: மெல்வில்லின் 'பெனிட்டோ செரினோ'வில் பார்வையும் மௌனமும்

ஹெர்மன் மெல்வில்லின் வாழ்வியல் ஞானத்தை 'மோபி டிக்' (1851) நாவலில், குறிப்பாக ஆகாப்பின் முழக்கங்களில், தேடுவதே திறனாய்வாளர் பலரின் வழக்கம். ஆனால் அந்த ஞானம் மேலும் கூர்மை பெறுவது, 1855இல் 'பட்னம்' திங்களிதழில் மூன்று பகுதிகளாக வெளிவந்த 'பெனிட்டோ செரினோ' என்னும் குறுநாவலில்தான்.

சிலி நாட்டுக் கடலோரத்தில் இடருற்று நிற்கும் ஸ்பானியக் கப்பல் ஒன்றுக்கு உதவச் செல்கிறான் அமெரிக்கக் கப்பல் தலைவன் டெலானோ. அங்கு அடிமைகள் கிளர்ந்தெழுந்து கப்பலை முன்பே கைப்பற்றிவிட்டனர். அதன் தலைவன் செரினோ அவர்களின் பிணையாள். பணியாளாக அருகில் நிற்கும் பாபோவே ஆணையிடுபவன்.

பாபோ செரினோவுக்குச் சவரம் செய்யும் காட்சி தனித்து நோக்கத்தக்கது. செரினோவின் மேல் போர்த்தப்படும் துணி ஸ்பானியக் கொடி, கழுத்தருகே சவரக்கத்தி. மிரட்டல் டெலானோவின் கண்முன்னேயே நிகழ்கிறது. அவன் காண்பதோ பணியாளின் கைத்திறனை மட்டுமே. அவன் கண்ணை மறைப்பது பகைமையன்று, நல்லெண்ணம். கறுப்பினத்தவரை அவனுக்குப் பிடிக்கும், வளர்ப்பு நாயைப் பிடிப்பது போல. சூழ்ச்சி வகுக்கும் அறிவு அவர்களுக்கு உண்டு என்பதை அவனால் எண்ணிப்பார்க்கவும் இயலவில்லை. கதை பெரிதும் அவன் பார்வையை ஒட்டியே செல்வதால் முதல் வாசிப்பில் வாசகரும் உடன் ஏமாறுகிறார். இரண்டாம் வாசிப்பில் நாணுகிறார். இக்குறுநாவல் இன்றும் வாசகரைத் திரும்ப அழைப்பது இதனாலேயே.

கதையின் மூலம், உண்மையான டெலானோ 1817இல் வெளியிட்ட பயண நூலின் ஓர் இயல். 1805இல் நடந்த நிகழ்ச்சியை மெல்வில் 1799க்கு நகர்த்தினார். கப்பலுக்குச் 'சான் டொமினிக்' எனப் பெயரிட்டார். ஆண்டும் பெயரும் ஒருசேர ஹெய்ட்டிப் புரட்சியை நினைவூட்டுவது தற்செயல் எனக் கொள்வதற்கில்லை.

பிற்பகுதியில் வரும் நீதிமன்ற வாக்குமூலம் வறண்டது என்பர். வறட்சி உண்மையே, ஆயினும் அதில் ஒலிப்பது செரினோவின் தரப்பு மட்டுமே என்பது கருதத்தக்கது. பிடிபட்டபின் பாபோ ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவனைத் தீமையின் உருவாக மட்டும் கண்ட திறனாய்வுகள் இம்மௌனத்தின் எடையை உணரவில்லை. அவன் சார்பாகப் பேசும் உரிமையை மெல்வில்லும் எடுத்துக்கொள்ளவில்லை. லிமா நகரச் சதுக்கத்தில் கம்பத்தில் செருகப்பட்ட அவன் தலை, வெள்ளையரின் பார்வையை நாணமின்றி எதிர்கொள்கிறது. கடந்ததை மறந்துவிடுமாறு செரினோவைத் தேற்றும் டெலானோவோ, இறுதிவரை எதையும் கற்றதாகத் தெரியவில்லை.