மெய்ப்பாடும் காண்போர் மனநிலையும்

சிங்கப்பூர் மனநலக் கழகம் 2016இல் தொடங்கிய நாடளாவிய ஆய்வின்படி, 18 வயது நிரம்பியோருள் நூற்றுக்கு 6.3 பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியிருந்தனர். 2010ஆம் ஆண்டு ஆய்வில் இது 5.8. (‘மன அழுத்தம்’ என்னும் வழக்கு அன்றாட நெருக்கடியையும் நோயையும் ஒருங்கே குறித்துக் குழப்புதலின், ஈண்டு ‘மனச்சோர்வு’ என்றே ஆள்கிறோம்.) இந்நோய் பிறர் முகத்தைக் காணும் கண்ணையும் மாற்றுகிறது என்பது மெய்ப்பாட்டியல் கற்பிக்கும் நமக்கு அயலான செய்தியன்று.

மனச்சோர்வுற்றோர் மகிழ்ச்சி, சினம், அச்சம், வியப்பு, அருவருப்பு ஆகியவற்றைப் பிறர் முகத்தில் இனங்காண்பதில் சற்றே பின்தங்குகின்றனர் என்றும், துயரத்தைக் காண்பதில் அக்குறை இல்லை என்றும் 2015இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. உணர்ச்சி எதுவும் காட்டாத முகத்தைத் துயர முகமாகக் கொள்ளும் போக்கும் ஆய்வுகளில் சுட்டப்பட்டுள்ளது. ஆக்சுபோர்டு ஆய்வாளர் ஹார்மரும் பிறரும் 2009இல் கண்டது இன்னும் வியப்புக்குரியது. ஒரே வேளை மருந்து உட்கொண்ட நோயாளியரின் மனநிலை மாறுமுன்னரே, மகிழ்ந்த முகங்களை இனங்காணும் திறன் மேம்பட்டது.

இம்முடிவுகளைத் தமிழாய்வுக்குக் கொணர்வோர், பால் எக்மனின் ஆறு அடிப்படை உணர்ச்சிகளைத் தொல்காப்பியரின் எண்வகை மெய்ப்பாட்டோடு பொருத்திவிட முனையலாம். அதில் நமக்கு உடன்பாடில்லை. பெருமிதத்திற்கு அங்கே இணையில்லை. இளிவரலை அருவருப்பெனக் கொள்வதும் பொருந்தாது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றால் பிறக்கும் இளிவரலில், பிறரைக் கண்டு முகஞ்சுளித்தலினும் தன்னிலை தாழ்ந்ததெனக் குன்றுதலே மிகுதி. மனச்சோர்வுற்றவர் தம்மைக் குறித்துக் கொள்ளும் எண்ணத்திற்கு அது எத்துணை அணுக்கமானது! அழுகைக்குரிய நான்கனுள் ஒன்றான ‘அசைவு’, அதாவது முன்னை நிலை கெட்டு வருந்துதல், அத்தகையதே. மேலும், இவ்வகை ஆய்வுகளில் பெரிதும் ஆளப்பட்ட எக்மனின் 1976ஆம் ஆண்டுப் படத்தொகுதியில் உள்ள 110 படங்களும் வெள்ளையர் முகங்கள். தேக்காவில் நாளும் நாம் எதிர்ப்படும் முகங்கள் அல்ல.

நாம் நின்று நோக்க வேண்டியது மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா. கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணரவல்ல மாந்தர்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள் புலப்படாது என்கிறது அது. புலமையோர்க்குரிய தகுதி என்று கூறி வகுப்பறையில் இதனைக் கடந்துவிடுகிறோம். உணர்வுடைமை ஒருமுறை பெற்றால் நிலைத்துவிடுவதன்று, நோயால் குன்றவும் மீண்டு வரவும் கூடும் என்று இதனைப் படிக்கவும் இடமுண்டு. தொல்காப்பியர் இந்நோயை முன்னரே அறிந்துவிட்டார் என்பது நம் கூற்றன்று. அத்தகைய பெருமைப் பேச்சு நம் கட்டுரைகளில் ஏற்கெனவே மலிந்துள்ளது. செவியையும் அந்நூற்பா சேர்த்துக் கூறுவது கருதத்தக்கது. நிழற்படத்துக்குக் குரலில்லை.

ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையோரம் கைப்பேசித் திரையில் மனைவியின் முகம் காணும் தொழிலாளி ஒருவரைக் கருதுவோம். வேலைக்களைப்பால் சலனமற்றிருக்கும் அம்முகத்தை, மனச்சோர்வுற்ற அவர் துயரமென்று கொள்கிறார். திருக்குறளின் குறிப்பறிதல் அதிகாரத்தை நடத்தும் நாம், முகம் உள்ளத்தைக் காட்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டால் இவருக்கு அதில் இடமில்லை. ஒரே முகத்தை மாணவர் ஒவ்வொருவரும் எவ்வாறு படித்தனர் என்று எழுதச் செய்து, அவ்விடைகளிலிருந்து அப்பாடத்தைத் தொடங்கிப் பார்க்கலாம்.