லா ப்ரூயேர்

ழான் த லா ப்ரூயேரின் பெயர் நிற்பது ஒரே நூலால்தான். 'குணசித்திரங்கள்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். பாரிஸ்காரரான இவர் 1684ல் கோந்தே பிரபுவின் பேரனுக்குப் பாடம் சொல்லித்தரப் போனார். பாடம் நின்ற பிறகும் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். பிரபுக்களைப் பக்கத்திலிருந்து பார்த்தார். 1688ல், கிரேக்கரான தியோபிராஸ்டஸின் மொழிபெயர்ப்போடு ஓர் ஒட்டுப்போலத் தம் சித்திரங்களைச் சேர்த்து வெளியிட்டார். நானூறு சொச்சமாக இருந்த குறிப்புகள் 1694க்குள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

லா ரோஷ்ஃபுக்கோதான் ஆழமானவர் என்பார்கள். இருக்கலாம். ஆனால் நாவல் எழுதுகிற எனக்கு உறவுக்காரர் இவர்தான். ழித்தோன் என்பவன் கொழுத்த கன்னத்தோடு நம்பிக்கையாகப் பேசுகிறான், உரக்கத் தும்முகிறான். ஃபெதோன் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொள்கிறான். ஒருவன் பணக்காரன், மற்றவன் ஏழை என்பதை அந்தந்தச் சித்திரத்தின் கடைசியில்தான் சொல்கிறார். இது கதைக்காரன் வேலை.

உப்பிட்டவர் வீட்டில் இருந்துகொண்டு உண்மையை எழுத முடியுமா? பதினாலாம் லூயி அரசனை அவர் புகழ்ந்துதான் எழுதினார். அந்தப் பக்கங்களை நான் தாண்டிப் போய்விடுவேன். ஆனால் 1689ம் வருஷப் பதிப்பில், வெயிலில் கருகி வயலில் குனிந்து கிடக்கும் குடியானவர்களைப் பற்றி ஒரு சிறு பாரா சேர்த்தார். பிரெஞ்சுப் புரட்சிக்கு அப்போது சரியாக நூறு வருஷம் இருந்தது.