நிரூபித்த பின் பார்த்துக்கொள்பவர் யார்?

எஸ்இஎல்4 என்ற இயங்குதளக் கெர்னலில் சி மொழியில் எழுதப்பட்டவை சுமார் 8,700 வரிகள். அது சொன்னபடி இயங்கும் என்று நிரூபிக்க எழுதப்பட்டவை சுமார் 2,00,000 வரிகள். கெர்னலை வடிவமைத்து எழுத, ஓர் ஆள் ஓராண்டு செய்யும் உழைப்பைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றே கூடுதலாகப் பிடித்தது. நிரூபணத்துக்கோ, அதற்கான கருவிகளை உருவாக்கியதையும் சேர்த்தால், அதே ஓராண்டு உழைப்பைப் போல சுமார் இருபது மடங்கு. லாபக் கணக்குப் பார்க்கிற நிறுவனம் இதற்கு எளிதில் காசு தராது. அதனால் சிட்னியில், நிக்டா ஆய்வு நிறுவனத்திலும் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலும் இருந்த கெர்னோட் ஹைசர், கெர்வின் கிளைன் முதலானோர் இதைச் செய்து 2009இல் வெளியிட்டார்கள். கல்விக்கூடத்தில் பிறந்ததுதான் இந்த முறையின் பலம். அதன் பெரிய குறையும் அங்கிருந்தே வந்தது என்பது என் கட்சி.

கெர்னல் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் கணித மொழியில் எழுதுகிறார்கள். அதற்குக் கீழே ஹாஸ்கெல் மொழியில் ஒரு வடிவம், அதற்கும் கீழே சி. கீழடுக்கு எதுவும் மேலடுக்கை மீறவில்லை என்று ஐசபெல் என்ற நிரூபண மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். ஆராய்ச்சி மாணவர் ஒரு துணைத்தேற்றத்தை எழுதுவார்; ஐசபெல் ஒப்புக்கொள்ளும், அல்லது இன்னும் இன்னது பாக்கி என்று திருப்பித் தள்ளும். எங்காவது முட்டிக்கொண்டால் ‘சாரி’ என்று ஒரு கட்டளையைப் போட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போகலாம். ஆனால் வேலை முடிந்தது என்று சொல்லும் நாளில் ஒரு சாரிகூட மிஞ்சியிருக்கக் கூடாது. உழைப்பில் பெரும்பங்கை விழுங்குவது, எந்நேரமும் மாறாமல் நிற்க வேண்டிய விதிகளைக் கண்டுபிடித்து நிறுவுவதுதான். விடுவிக்கப்பட்ட நினைவகத்தைச் சுட்டும் சுட்டி எங்கும் எஞ்சக் கூடாது என்பது அத்தகைய ஒரு விதி.

பலன் கண்கூடு. சி வரிகளில் அகப்பட்ட 160 பிழைகளில், நிரூபணம் முழுவீச்சில் தொடங்குமுன் பயன்பாட்டில் சிக்கியவை 16 மட்டுமே. மற்ற 144ஐயும் காட்டிக்கொடுத்தது நிரூபணம். பின்னாளில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்ப்பாவின் திட்டம் ஒன்றில், போயிங்கின் ஆளில்லா ஹெலிகாப்டர் ஒன்றில் இந்தக் கெர்னலை வைத்து, தாக்குவதற்கென்றே ஒரு குழுவை அமர்த்தினார்கள். உள்ளே ஒரு பகுதியில் இடம் கொடுத்தும், அங்கிருந்து ஹெலிகாப்டரின் கட்டுப்பாட்டுக்கு அவர்களால் தாவ முடியவில்லை.

இந்த முறையின் மேல் பழைய குற்றச்சாட்டு ஒன்று உண்டு. 1979இல் டிமில்லோ, லிப்டன், பெர்லிஸ் மூவரும் எழுதிய கட்டுரை அதன் மூலம். கணிதச் சான்றை நம்புவதற்குக் காரணம், பலர் படித்து, விவாதித்து, குறை கண்டு தேற்றுவதே; நிரலுக்கான சான்றோ நீளமானது, சலிப்பூட்டுவது, யாரும் படிக்கமாட்டார்கள் என்றார்கள். படிக்கமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் எந்திரம் படிக்கிறது, அதற்குச் சலிப்புக் கிடையாது. அந்த வாதத்தில் பாதி அங்கேயே விழுந்துவிட்டது. மீதிப் பாதிக்கு உயிர் இருக்கிறது: மேலடுக்கில் எழுதியது நாம் உண்மையில் விரும்பியதுதானா என்பதை எந்த எந்திரமும் சொல்லாது. 2017இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நிரூபிக்கப்பட்டவை எனப்பட்ட மூன்று பரவல் அமைப்புகளை ஆராய்ந்து 16 பிழைகளைக் கண்டார்கள். நிரூபித்த நெறிமுறைகளில் ஒன்றும் இல்லை; விவரக்குறிப்பிலும், கருவிகளிலும், வெளியுலகத்தோடு ஒட்டும் நிரூபிக்காத பகுதிகளிலும்தான் அவை இருந்தன.

சிட்னிக் குழு இதில் நேர்மையாகவே நடந்துகொண்டது. கம்பைலரையும் வன்பொருளையும் அசெம்பிளி வரிகளையும் நம்பியே நிரூபித்தோம் என்று முதல் கட்டுரையிலேயே சொன்னார்கள். கம்பைலர் மீதான நம்பிக்கையை 2013இல் பெருமளவு நீக்கியும் விட்டார்கள். அதே ஆண்டில் வெளியான ரகசியக் காப்புச் சான்று, நேர அளவை வைத்துத் தகவல் கசிவதைக் கணக்கில் எடுக்கவில்லை. 2018இல் செயலிகளைக் குறிவைத்த ஸ்பெக்டர் தாக்குதல் புகுந்தது அந்த வாசலில்தான்.

எனவே அனுமானங்களைக் காட்டி இந்த முறையைத் தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை. எழுதிவைத்த அனுமானத்தை ஒருநாள் தீர்த்துவிடலாம், எழுதாததுதான் ஆபத்து. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கெர்னல் மாறினால் சான்றும் மாற வேண்டும். பதில் அனுப்பும் உரிமை தொடர்பாக அவர்கள் ஒரு மாற்றம் செய்தார்கள். தொட்டது ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவான வரிகளை. மறுபடி நிரூபிக்க ஆனதோ மூல நிரூபண உழைப்பில் 17 விழுக்காடு. புதிய செயலி வந்தால் மீண்டும் வேலை. பல கோர்களில் ஒருசேர இயங்கும் வடிவத்துக்கு இன்றுவரை முழுச் சான்று இல்லை.

இந்த வேலைக்கு யார் வருவார்கள்? முதல் சான்றுக்கு மாநாட்டில் சிறந்த கட்டுரைப் பரிசு கிடைத்தது. பதினேழு விழுக்காட்டு மறுவேலையை எந்த மாநாடும் புதுமை என்று ஏற்காது, எந்தப் பதவி உயர்வுக் குழுவும் எண்ணாது. மாணவர் பட்டம் வாங்கிப் போனால் அவர் எழுதிய துணைத்தேற்றங்கள் வாரிசில்லாமல் நிற்கின்றன. 2009 கட்டுரையின் ஆசிரியர்கள் 13 பேர். அவர்களுள் ஒருவரான தம்மிக எல்கடுவ இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார், மற்றவர்களிலும் பலர் கலைந்தார்கள். 2021இல், அப்போது இந்தக் குழுவை வைத்திருந்த ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ, செயற்கை நுண்ணறிவே இனி முக்கியம் என்று குழுவையே கைவிட்டது. மறு ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் அமைப்பு விருது இதே கெர்னலுக்குக் கிடைத்தது என்பது வேறு கதை. இன்று சான்றுகளைப் பராமரிப்பதில் பெரும்பங்கு கிளைனும் சகாக்களும் தொடங்கிய புரூஃப்கிராஃப்ட் நிறுவனத்துக்கும், உறுப்பினர் கட்டணம் வசூலிக்கும் ஓர் அறக்கட்டளைக்கும் உரியது. பேராசிரியர்கள் தொடங்கியதைச் சந்தா காப்பாற்றுகிறது.

நிதி வழங்கும் அமைப்புகள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு சான்றுக்குப் பணம் ஒதுக்கும்போதே, அடுத்த பத்தாண்டு அதைத் திருத்திக்கொண்டிருக்க இரண்டு நிலையான பணியிடங்களையும் ஒதுக்குங்கள். அது முடியாதென்றால், புதிதாக இன்னொரு கெர்னலை நிரூபிக்கப் பணம் கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.