மூடாக்குப் போட வாருங்கள்!

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை காலையைக் கழிக்க எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் அடித்துச் சொல்லும் இடம் ஒன்றுதான்: கோட்டூர்புரம் மரப்பூங்கா. அடையாற்றங்கரையில் ஒரு காலத்தில் குப்பை குவிந்து கிடந்த நிலம் அது. 2006இல் 'நிழல்' என்ற அமைப்பு அதைக் கையில் எடுத்தது. தன்னார்வலர்கள் உழைத்து உழைத்து, இன்று அது நாட்டு மரங்கள் நிறைந்த குட்டிக் காடு. நகரத்துக்கு நடுவில் இப்படி ஒரு இடத்தைச் சாதாரண ஜனங்களே உருவாக்க முடிந்ததே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமை பொங்குகிறது.

அந்த வேலைக்கு நீங்களும் கை கொடுக்கலாம். "மண்வெட்டியே பிடித்ததில்லையே, அங்கே போய் என்ன செய்வது?" என்று தயங்குகிறீர்களா? தயக்கமே வேண்டாம். பூங்கா வேலையில் கன்று நடுவது சின்னப் பகுதிதான். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நட்டுவிட்டால் மழையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வருகிற மாதங்களில்தான் ஆள் வேண்டும். களை எடுக்க வேண்டும், பாத்தி கட்ட வேண்டும், சாய்ந்த கன்றுக்குச் சவுக்குக் கழி நட்டுச் சணல் கயிற்றால் தளர்வாகக் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டினால் தண்டு பருக்கும்போது கயிறு பட்டையை அறுத்துவிடும்.

எல்லாவற்றிலும் எனக்கு உயிர் மூடாக்குதான்! உதிர்ந்த சருகுகளை அள்ளி வந்து கன்றைச் சுற்றி மெத்தைபோலப் பரப்புவோம். தண்டை ஒட்டாமல் நாலு விரல் இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் அடித்தண்டு அழுகும். சித்திரை வெயிலில் அந்தச் சருகை விலக்கி விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். சுற்றிலும் தரை வெடித்துக் கிடக்க, அடியில் மண் ஈரமாக, குளுகுளுவென்று இருக்கும். மண்புழு நெளியும். நாம் எரித்துத் தள்ளும் சருகுக்கு இத்தனை மகிமையா! இதைப் பார்த்த பிறகு தெருவில் யாராவது சருகைக் கொளுத்தினால் மனசு பதறுகிறது.

களை பிடுங்குவதிலும் பாடம் இருக்கிறது. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு பிடுங்கிவிட வேண்டும். வெறுங்கை பட்டால் சிலருக்கு அரிப்பெடுக்கும். ஆனால் எருக்கைத் தொட்டால், பக்கத்தில் இருக்கும் பெரியவர் பதறிவிடுவார்: "தம்பி, அதை விட்ருங்க! இலைக்கு அடியில பாருங்க." இலையைத் திருப்பினால் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரிவரியாக ஒரு புழு. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் குழந்தை! எருக்கிலைதான் அதற்குச் சாப்பாடு.

அங்கே சேரும் கூட்டம் இன்னொரு சந்தோஷம். கல்லூரிப் பெண், ஓய்வு பெற்றவர், ஐடி வேலைக்காரர், அப்பாவோடு வந்த சிறுமி என்று எல்லார் கையிலும் மண். மண் சுமக்கும் பாண்டு கைமாறிக் கைமாறிப் போகும். பேச்சும் கூடவே போகும். புங்கனும் பூவரசும் நாவலும் இலுப்பையும் நீர்மருதும் எனக்கு அறிமுகமானது அந்தப் பேச்சில்தான். இப்போது பேருந்தில் போகும்போதும் கண் மரங்களைத்தான் தேடுகிறது.

முழுக்கைச் சட்டை, ஷூ, தொப்பி, ஒரு பாட்டில் தண்ணீர் போதும். ஆற்றங்கரை என்பதால் கொசு உண்டு, களிம்பு தடவிக்கொள்ளுங்கள். மறுநாள் இடுப்பும் தொடையும் வலிக்கும். வேர்வை சிந்தி வந்த அந்த வலிக்குத் தூக்கம் எப்படி வருகிறது தெரியுமா!

கோட்டூர்புரம் தொலைவென்றால் உங்கள் தெருமுனைப் பூங்காவிலேயே தொடங்குங்கள். அங்கே வேலை பார்ப்பவரிடம் கேட்டுக்கொண்டு, வாடி நிற்கும் ஒரு கன்றைத் தேர்ந்தெடுங்கள். பாத்தி கட்டுங்கள், சருகு போடுங்கள், கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். அடுத்த மழைக்கு அது துளிர்க்கும்போது, அந்தப் பூங்காவே உங்களுடையதாகியிருக்கும்.