கடன்பட்ட பிரபுவும் சீதன வீடும்: ஜோர்ஜெற் ஹேயரின் நாவலொன்றை முன்வைத்து

காதல் நவீனங்களை ஆய்வாளர் படிப்பதில்லை, படித்தாலும் ஒப்புக்கொள்வதில்லை. நூலகங்களில் அட்டை கிழியும்வரை கைமாறும் நூல்களை 'நச்சிலக்கியம்' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது முற்போக்கு விமரிசகரிடையேயும் வழக்கமாகிவிட்டது. ஆயின், பெருந்தொகையான வாசகர், குறிப்பாகப் பெண்கள், ஓர் இலக்கிய வகையைத் தலைமுறை தலைமுறையாக விரும்பிப் படிக்கின்றனர் எனில், அவ்விருப்பிற்கும் ஒரு சமூக அடிப்படை இருத்தல் வேண்டும். அதனைத் தேடாது ஒதுக்குவது விமரிசனமன்று, சோம்பல்.

மணம் முடிக்க விழையும் பெண், மணத்திற்குத் தயங்கும் பிரபு என்ற கதையமைப்பு, இங்கிலாந்தில் அரசப் பிரதிநிதி ஆட்சி நிலவிய 1811 - 1820 காலப் பகுதியைக் களமாகக் கொண்ட 'ரீஜென்சி' நவீனங்களுக்கு உரியது. அதன் மூலத்தை ஜேன் ஒஸ்ரினிடம் காணலாம். 1813இல் வெளியான அவரது 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' நாவலில், டார்சியின் ஆண்டு வருமானம் பத்தாயிரம் பவுண் என்பது அவன் நடன மண்டபத்துள் நுழைந்த சிறிது நேரத்திலேயே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. பென்னற் குடும்பத்தின் நிலமோ ஆண் வாரிசுக்கே உரியது. தந்தை கண்மூடினால் ஐந்து பெண்களும் தாயும் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியவர்கள். அங்கு மாப்பிள்ளை தேடுவது பிழைப்புக்கு வழி தேடுவதேயாகும். பின்வந்த போலிகள் நடன மண்டபத்தை வைத்துக்கொண்டு காணி உறுதியைக் கைவிட்டுவிட்டன.

ஜோர்ஜெற் ஹேயர் (1902 - 1974) இவ்வகையைப் பெருவழக்காக்கியவர். நிலப்பிரபுத்துவத்தின் பழம்பெருமையில் மயங்கியவர், அரசியலிற் பிற்போக்கானவர். அவரிடம் வர்க்க விமரிசனத்தை எவரும் எதிர்பார்ப்பதில்லை. எனினும் 1961இல் அவர் எழுதிய 'ஏ சிவில் கொன்ட்ராக்ற்', அதாவது 'ஒரு குடியியல் ஒப்பந்தம்', தலைப்பிலேயே உண்மையைக் கூறிவிடுகிறது.

அடம் டெவரில் படையதிகாரி. தந்தை இறந்ததும் லின்ரன் பிரபு என்ற பட்டத்தோடு தந்தையின் கடன்களும் அவனை வந்தடைகின்றன. லிங்கன்ஷயரில் உள்ள ஃபொன்ற்லி என்னும் பரம்பரை வளவு விலைப்படும் நிலையில் இருக்கிறது. அவன் காதலிப்பதோ யூலியா என்ற பேரழகியை. இந்நிலையில் ஜொனதன் சோலி என்ற இலண்டன் நகரத்துப் பெருவணிகர் தம் ஒரே மகள் ஜென்னியை அவனுக்கு மணமுடித்துக் கொடுக்க முன்வருகிறார். அவருக்கு வேண்டியது பட்டம். பிரபுவுக்கு வேண்டியது பணம். ஜென்னி அழகியல்லள். ஆனால், நெடுநாளாக அடம்மீது மனத்துக்குள் காதல் கொண்டிருந்தவள். கணவன் பிறிதொருத்தியை நினைத்துக்கொண்டிருப்பதையும் அறிவாள். அறிந்தே சம்மதிக்கிறாள்.

நாவலின் சிறந்த பகுதிகள் மாமனாருக்கும் மருமகனுக்கும் இடையிலானவை. சோலி கேளாமலே கொடுக்கிறார். விலையுயர்ந்த பொருள்களை அள்ளிக் குவிக்கிறார். இலண்டன் வீட்டைத் தம் இரசனைப்படி அலங்கரித்தும் விடுகிறார். ஒவ்வொரு கொடையும் அடத்தின் தன்மானத்தில் தைக்கிறது. அவனது தயக்கத்தைக் காதல் தோல்வியின் துயரமாக மட்டும் விளக்கிவிட முடியாது. நிலத்தால் வாழ்ந்த வர்க்கம் வணிக மூலதனத்திடம் விலைபோகும்போது கொள்ளும் அவமான உணர்வே அதன் அடித்தளம். அரச பக்தராகிய பால்சாக், தம் அனுதாபங்களை மீறிப் பிரபுக்களின் வீழ்ச்சியைச் சித்திரித்ததே யதார்த்தவாதத்தின் வெற்றி என 1888இல் எங்கெல்ஸ் மார்கிரற் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதம் இங்கு நினைவுக்கு வருகிறது. ஹேயர் பால்சாக் அல்லர்; அந்த உயரத்தில் அவரை வைப்பது நகைப்புக்கிடமாகும். ஆயினும் கணக்கேட்டை அவர் மறைக்கவில்லை.

மறைப்பு முடிவிலேயே நிகழ்கிறது. 1815இல் நெப்போலியனுடனான போர் தோல்வியில் முடியும் என்ற வதந்தி இலண்டன் பணச் சந்தையை உலுக்குகிறது. பத்திரங்களை விற்றுவிடுமாறு மாமனார் அறிவுரை கூறுகிறார். அடமோ, தன் தளபதி வெலிங்டன்மீது வைத்த நம்பிக்கையில், திரட்டக்கூடிய பணத்தையெல்லாம் கொட்டி வாங்குகிறான். வாட்டர்லூ வெற்றியோடு செல்வனாகிறான். நகரத்துப் பணத்தை இழிவாக நோக்கிய பிரபுவின் மானம், அதே நகரத்துச் சூதாட்டத்தாலேயே மீட்கப்படுகிறது! இம்முரணை ஆசிரியர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. மனைவியிடம் தன் அன்பை அவன் வாய்விட்டுச் சொல்வது அவளது தந்தையின் பணத்தில் தங்கியிருக்க வேண்டாத நிலை வந்த பின்னரே. ஜென்னியோ தனக்குக் கிடைத்தது யூலியாவுக்குக் கிடைத்த காதலன்று என்பதை அறிந்துகொண்டே மனம் அமைகிறாள். இந்த அமைதியைப் பலர் நாவலின் முதிர்ச்சி எனப் பாராட்டுவர். எனக்கு அது ஒரு பெண் தன் பங்கைக் குறைத்து வாங்கிக்கொள்வதாகவே தோன்றுகிறது.

ஆலையடிவேம்பில் இந்நாவலைப் படிப்பவருக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது. சீதனம் பேசுதல், தரகு, தயங்கும் மாப்பிள்ளை எல்லாம் நாமறிந்தவை. ஆனால் ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. ஜென்னியின் தந்தையுடைய செல்வம் கணவனின் பரம்பரை நிலத்தைக் காக்கச் செல்கிறது. அவள் அவன் வீட்டுக்குப் போகிறாள். மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்திருக்கும் உரிமை இங்கிலாந்தில் பொதுச் சட்டமாக நிலைபெற்றது 1882இலேயே. அக்கரைப்பற்று, ஆலையடிவேம்புப் பகுதியிலோ தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடி தாய்வழியே வருகிறது; மணமகனே பெண்ணின் வீட்டுக்கு வருகிறான். மூத்த மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவில் அல்லது அயலில் இன்னொரு வீடு கட்டி இளையவளுடன் குடிபெயர்வர். முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் (1951), மணமகனிடம் கொடுக்கப்பட்ட கைக்கூலியை மனைவி மீளப் பெறுவதற்கு இடமளிக்கிறது. ஹேயரின் தலைப்பிலுள்ள 'ஒப்பந்தம்' என்ற சொல், நிக்காஹை ஒப்பந்தமாகவே கொள்ளும் இவ்வூர் முஸ்லிம் வாசகருக்குப் புதுமையுமன்று.

இதைக் கண்டு தாய்வழி உரிமையின் பொற்காலம் இங்கு எஞ்சியிருக்கிறது என மயங்குதல் தவறு. வீடு கட்ட வழியில்லாத குடும்பத்துப் பெண் முதிர்கன்னியாகிறாள். தங்கைக்கு வீடு முடியும்வரை தமையன் மணமின்றி உழைக்கிறான். 1970களின் பின் அவ்வுழைப்பு வளைகுடா நாடுகளுக்கும் பெயர்ந்தது. போடியார் மகளின் சீதன வயலில் வேலை செய்யும் கூலிப் பெண்ணுக்கு எந்தத் தாய்வழியும் காணி தரவில்லை. மனைவியின் வீட்டில் விருந்தாளிபோல் ஆண்டுக்கணக்கில் இருக்கும் மாப்பிள்ளையின் மனத்தாங்கலோ அடம் டெவரிலின் மனத்தாங்கலுக்குச் சற்றும் குறைந்ததன்று.

இத்தனை நாவற்பொருள் நம் வளவுகளில் இருக்க, நம் பெண்கள் ஆவலோடு படிக்கும் ரமணிசந்திரன் முதலியோரின் தமிழகக் காதல் நவீனங்களில் வருவது செல்வந்தனின் மாளிகையே. சினமும் செருக்கும் கொண்ட நாயகனின் வீட்டுக்குள் வசதியற்ற பெண் நுழைகிறாள். இறுதியில் அவ்வீட்டின் தலைவியாகிறாள். தன் பெயரில் உறுதியுள்ள வீட்டின் விறாந்தையில் அமர்ந்து, வீடற்ற ஒருத்திக்கு ஆணின் வீடு பரிசாகக் கிடைக்கும் கதையை ஒரு பெண் படிக்கிறாள். இக்காட்சியை வெறும் இரசனைக் குறைவு எனக் கடிந்து பயனில்லை. தனக்கென்று எழுதப்பட்ட வீட்டுக்காகத் தந்தையும் தமையனும் பட்ட கடனை அவள் அறிவாள். எவரும் கடன்படாமல் கிடைக்கும் வீடு ஒன்றைத்தான் அவள் அந்தக் கதையில் தேடுகிறாளோ என்னவோ.

2004 டிசம்பர் கடற்கோளின் பின் இக்கரையோரத்தில் நிவாரண வீடுகள் எழுந்தபோது, குடும்பத் தலைவன் என்ற கணக்கில் பல வீடுகள் ஆண்களின் பெயரில் பதிவாயின. தாயின் வளவில் மகளுக்கென இருந்த வீட்டைக் கடல் கொண்டது. அரச படிவம் அவளைக் கணவன் வீட்டில் குடியிருப்பவளாக்கியது. ஹேயரின் நாவலில் ஜென்னி பெறும் முதற் குழந்தை ஆண். ஃபொன்ற்லி அவனுக்கே சேரும். அவள் பெண்ணொன்றைப் பெற்றிருந்தால் சோலியின் பணத்தால் மீண்ட அந்த வளவில் அப்பேத்திக்கு என்ன பங்கு என்ற கேள்வியை நாவல் எழுப்பவேயில்லை. ஆலையடிவேம்பில் பெண் பிறந்த வீட்டில் தகப்பன் கல்லும் மணலும் சேர்க்கத் தொடங்கிவிடுவான்.